வரிசையில் முதல் வாளி

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் நான் நடத்தும் டோபி கடையைக் காலையில் திறக்கப் போனால் வெளியே ஆட்கள் இருக்க மாட்டார்கள். வாளிகள்தான் இருக்கும். மூடிய ஷட்டருக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில், பச்சை வாளி, சிவப்பு வாளி, பெயிண்ட் தீர்ந்துபோன டப்பா என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்த நேரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் பனிக்குள்ளேயே இருக்கும். அரை வெளிச்சத்தில் பார்க்கும்போது, ஒரு கூட்டம் வந்து நின்று, பிறகு தங்களை மட்டும் கலைத்துக்கொண்டு வாளிகளை விட்டுப் போனது போலத் தோன்றும்.

கடையில் பெரிய மெஷின்கள் எட்டு. துணியைப் போட்டு, காசுக்கு வாங்கிய வில்லையைப் போட்டால் அதுவே துவைத்துக் கொடுக்கும். பழுதானால் நானே பிரித்துப் பார்ப்பேன். அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான்.

வாளி வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கிருந்து வந்தவன்தான். ரப்பர்த் தோட்டத்தில் ஒரு லயத்து வரிசைக்கு ஒரே தண்ணீர்க் குழாய். தண்ணீர் வரும் நேரமும் வேலைக்குப் போகும் நேரமும் ஒன்று. குழாயடியில் நிற்க யாராலும் முடியாது. அதனால் ஆளுக்குப் பதில் வாளி நிற்கும். தோட்டங்கள் மூடி, எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து, சமையலறையில் ஒன்று குளியலறையில் ஒன்று என்று குழாய்கள் வந்த பிறகு அந்தப் பழக்கம் படுத்துத் தூங்கிவிட்டது. நான் கடை திறந்ததும் எழுந்து வந்துவிட்டது.

அதற்குச் சட்டம் உண்டு. வெறும் வாளி என்றால், வந்தாலும் வரலாம் என்று அர்த்தம். நேரமானால் ஓரமாகத் தள்ளிவிடலாம். உள்ளே சோப்போ துண்டோ இருந்தால், இதோ வருகிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். உள்ளே ஒற்றைச் செருப்பு இருந்தால் பேச்சே இல்லை. யாரும் தொட மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருவர் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? அவர் வந்தே ஆக வேண்டும். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் அந்த வாளியையும் சேர்த்து நகர்த்தி வைப்பார். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: வாளியை வரிசையிலிருந்து தூக்கிவிடக் கூடாது. யார் தூக்கினாலும், வாளிக்குச் சொந்தக்காரரே தூக்கினாலும், இடம் போய்விடும்.

ஆரம்பத்தில் நான் இதை ஒழிக்கப் பார்த்தேன். நம்பர் அட்டை அடித்துக் கொடுத்தேன். அட்டையை வாங்கி வாளிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். ஆணி இல்லாமல் திருகு இல்லாமல் இத்தனை வருடம் ஓடுகிற ஒரு மெஷினைப் பிரித்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

குமுதாவின் வாளி மஞ்சள். கைப்பிடியில் பழைய பூப்போட்ட பாத்தேக் துணியைச் சுற்றியிருப்பாள். அவளுக்கு வரிசை தேவைப்பட்டதில்லை. ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. முடிந்து வரும்போது காலைக் கூட்டம் துவைத்து முடித்துக் கிளம்பியிருக்கும். எப்போதும் நாலாம் நம்பர் மெஷின்தான். யூனிபார்மை உள்ளே போட்டுவிட்டு எதிரே பெஞ்சில் உட்கார்வாள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நீலத் துணி எழும், விழும், எழும். மூன்றாவது நான்காவது சுற்றில் அவள் தலை சாய்ந்துவிடும். தூங்குகிறவளைப் பார்க்கக் கூடாது என்று நான் டிரம்மைப் பார்ப்பேன். கண்ணாடியில் அவள் முகம் தெரியும். துணியோடு சேர்ந்து அதுவும் தண்ணீருக்குள் மெதுவாகச் சுற்றுவது போல இருக்கும்.

நாற்பதை நெருங்குகிற வயது. அம்மா போன வருடம் இறந்துவிட்டார். வேறு யாரும் இல்லை. தமிழ், மலாய் இரண்டும் பேசுவாள். இல்லத்துச் சீனக் கிழவிகளிடம் கண்டனீஸில் சண்டை போட்டுச் சாப்பிட வைப்பாள். ஆங்கிலம் மட்டும் தொண்டையில் நின்றுவிடும். அயர்லாந்தில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பித்து, வீடியோவில் நடந்த நேர்காணலில் ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பதில் சொல்லியிருக்கிறாள். இன்னொரு வாய்ப்பு தருகிறோம், பழகிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் அவள் தூங்கவில்லை.

"தர்மா, ஒண்ணு கேக்கணும். நீங்க மெஷின் புக்கெல்லாம் இங்கிலீஷ்லதானே படிக்கிறீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு இன்டர்வியூல அந்தம்மா ரெண்டு தடவ கேட்ச் அப்புன்னாங்க. ஒரு தடவ என் தூக்கத்தப் பத்திப் பேசும்போது. இன்னொரு தடவ, மறுபடி கூப்பிடுறோம்னு சொல்லும்போது. தல ஒண்ணுதான், வால் வேற வேற. எனக்கு ஒண்ணும் புரியல. மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்லா."

"என்ன வால்?"

"ஒண்ணுக்கு ஆன். இன்னொண்ணுக்கு வித்."

எனக்குக் கை பரபரத்தது. புது மெஷினின் பின்மூடியைக் கழற்றும்போது வருமே, அந்தப் பரபரப்பு.

"கேட்ச்னா பிடிக்கிறது. அப்னா மேல. ரெண்டும் சேர்ந்தா என்ன?"

"பிடிச்சு மேல ஏறுறதா?"

"இல்ல. சேந்த உடனே ரெண்டும் பழைய வேலைய விட்டுடும். சோப்பும் தண்ணியும் சேந்தா நுரை வருதுல்ல? நுரைய சோப்புன்னும் சொல்ல முடியாது, தண்ணின்னும் சொல்ல முடியாது. அது மாதிரி. கேட்ச் அப்னா நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அத அடைக்கணும். அவ்வளவுதான். ஆனா அந்த இடைவெளி எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்ச் அப்புக்குத் தெரியாது. அதச் சொல்றதுதான் வாலோட வேல."

அவள் கால்களை மடக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். செருப்புகள் கீழே கிடந்தன.

"வித் வந்தா, ஒருத்தர் உங்களுக்கு முன்னால போயிக்கிட்டிருக்கார். நீங்க வேகமா நடந்து அவரப் போய்ச் சேரணும். இடைவெளி முன்னால இருக்கு. ஆன் வந்தா, ஏதோ ஒண்ணு உங்களுக்குப் பின்னால விழுந்து கிடக்கு. தூங்காத தூக்கம், செய்யாத வேல, பேசாத பேச்சு. நீங்க நின்னு திரும்பிப் போய் அதையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வரணும். இடைவெளி பின்னால."

"அப்ப என் தூக்கம் பின்னால கெடக்கு."

"ஆமா. கேட்ச் அப் ஆன் ஸ்லீப்."

"எங்க கெடக்குதோ," என்று அவள் கொட்டாவி விட்டாள். "ஈப்போலருந்து இங்க வர்ற வழி பூராவும் கெடக்கும் போல."

அப்புறம் உண்மையாகவே தூங்கிப்போனாள்.

நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அவள் தேறிவிடுவாள். தேறினால் போய்விடுவாள். அவள் போகக் கூடாது என்று நான் விரும்பினேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காகத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கவும் வரவில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால், சரியான பதில் தானாக என் வாயிலிருந்து வந்து விழுந்துவிடும்.

பக்கத்துக் கடை நாகூர் மீரானுடைய சாப்பாட்டுக் கடை. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தூண்தான். அவருக்கு அறுபது வயது இருக்கும். தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே என் கடைக்குள் நடக்கிற எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்.

"தம்பி, எல்லாத் துணியும் உன் கடையில நனையுது, காயுது, வீட்டுக்குப் போகுது. நீ மட்டும் நனைஞ்சபடியே இருக்கியே, ஏன்?"

"சும்மா இருங்க அண்ணே."

"நான் சும்மாதான் இருக்கேன். நீயும் சும்மா இருக்க. அதுதான் பிரச்சன."

அவள் தினமும் வந்தாள். தினமும் ஒரு பாடம். பாடம் என்றால், மெஷின் ஓடி முடிகிற நேரம். நான் வாக்கியம் சொல்வேன், அவள் அதை இல்லத்துக் கிழவிகளை வைத்து மாற்றுவாள். "மிஸஸ் லியோங் வாக்ஸ் வெரி ஃபாஸ்ட், ஐ கேனாட் கேட்ச் அப் வித் ஹர்." தொண்ணூறு வயதுக் கிழவி, கையில் ஊன்றுகோல், ஆனால் குளிக்க வைக்கப் போனால் மட்டும் ஓடுவாளாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு வந்த வாக்கியங்கள் தொண்டையில் நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதனால் சிரிக்கிற மாதிரி வாக்கியங்களையே தேடினேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் போடுகிற துணி குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் வாரத் துணியை மொத்தமாகக் கொண்டுவருவாள். இப்போது ஒரே ஒரு யூனிபார்ம். அது கனமாக நனைந்து ஒரு பக்கமாகத் தொங்கும். தண்ணீர் பிழிகிற வேகச் சுற்று வரும்போது நாலாம் நம்பர் தடதடவென்று ஆடும்.

"குமுதா, இப்படி ஒரு துணிய மட்டும் போடக் கூடாது. டிரம் சுத்தும்போது எடை எல்லாப் பக்கமும் சமமா பரவணும். ஒத்தத் துணி ஒரே பக்கம் ஒட்டிக்கும். மெஷின் அத ஒரு தடவ பிரிச்சுப் போட்டுப் பாக்கும், மறுபடி ஒட்டும், மறுபடி பாக்கும். மெஷினுக்கும் சுசா, சீக்கிரம் தேஞ்சிடும், தண்ணியும் வீண். ஒரு வாரத் துணிய சேத்துக் கொண்டு வாங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார்," என்றாள். மறுநாளும் ஒற்றை யூனிபார்மோடு வந்தாள். நான் மறுபடி விளக்கினேன். தூணுக்கு அந்தப் பக்கம் மீரான் அண்ணன் கரண்டியால் தலையில் அடித்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. ரொட்டி கருகிவிட்டது போல என்று நினைத்தேன்.

ஒரு காலை மழை பிடித்துக்கொண்டது. லகாட்டில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அன்று முறை மாறி வந்தது. குன்றுகள் போயின, பழைய ஈயச் சுரங்கக் குட்டை போனது, எதிர்வரிசைக் கடைகள் போயின. கடைசியில் எங்கள் அஞ்சடியும் பெஞ்சும்தான் பாக்கி. பிறகு கரண்டும் போனது. ஓடிக்கொண்டிருந்த ஒரே டிரம்மும் ஒரு பெருமூச்சோடு நின்றது. நாலாம் நம்பரில் நீலச் சட்டை பாதித் தண்ணீரில் கையை விரித்தபடி மிதந்தது. கரண்ட் வந்தால்தான் கதவின் தாழ் விடும்.

"இதுக்கும் ஒரு கேட்ச் இருக்கு," என்றேன். "காட் அப் இன். கேட்ச்தான் காட் ஆயிடுச்சு."

"இன்னொரு வாலா?"

"இது வேற மாதிரி. இதுல இடைவெளியே கிடையாது. முன்னால ஓட வேணாம், பின்னால போய்ப் பொறுக்க வேணாம். ஒண்ணுக்கு உள்ள இருக்கோம், அது நம்மள விடல. மழை. கூட்டம். அந்தச் சட்டையப் பாருங்க, அது மாதிரி."

அவள் சட்டையைப் பார்த்தாள். மழைச் சத்தம் வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. ஏதோ பெரிய டிரம்முக்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"நான் ஏன் போறேன்னு நீங்க கேக்கவே இல்ல," என்றாள்.

"ஏன்?"

"காசுக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது இல்ல. அம்மா இருந்தப்ப ராத்திரி அங்க கிழவிகளப் பாப்பேன், பகல்ல இங்க அம்மாவப் பாப்பேன். லகாட் தாண்டி நான் போன ஊரெல்லாம் ஆஸ்பத்திரி இருக்கிற ஊருதான். எங்கயாச்சும் ஒரு தடவ போகணும். வாய்லருந்து புகை வருமாமே, அவ்வளவு குளிர். அதுல நின்னு பாக்கணும். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லலயே."

இதைவிடத் தெளிவாக ஒருவர் கதவைத் திறந்து வைக்க முடியாது. இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அயர்லாந்தின் நேரத்தை விளக்கினேன்.

"அங்க வெயில் காலத்துல நம்மள விட ஏழு மணி நேரம் பின்னால. குளிர் காலத்துல எட்டு. அதாவது, நாம இப்ப இருக்கிற காலை அங்க இன்னும் வரவே இல்ல. அங்க எல்லாரும் தூங்கிட்டு இருக்காங்க. இந்தக் காலைய நாம முடிச்சப்புறம்தான் அவங்களுக்குப் போகும்."

"அப்ப நீங்க துவைச்சு அனுப்புன காலைதான் எனக்கு வருமா?"

"அப்படித்தான்."

"நல்லா பிழிஞ்சு அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கரண்ட் வந்தபோது டிரம் மெல்ல அசைந்து, சட்டை புரண்டு படுத்தது. தாழ் கிளிக் என்றது. அந்த ஒரு சத்தத்தில் நேரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இரண்டாவது நேர்காணல் ஒரு சாயங்காலம். என் கடையிலிருந்தே பேசட்டும் என்று முடிவானது; மீரான் கடை இணையம் அங்கே நன்றாகப் பிடிக்கும். சத்தம் வரக் கூடாது என்று மெஷின்களை நிறுத்தினேன். வேலை விட்டு வந்தவர்கள் கூடைகளோடு வர ஆரம்பித்தார்கள். என்ன சொல்லித் தடுப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, குமுதா எழுந்து தன் மஞ்சள் வாளியைக் கதவுக்கு நடுவில் வைத்து, ஒரு செருப்பைக் கழற்றி அதற்குள் போட்டுவிட்டு, மற்றொன்றோடு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். காளியம்மா அக்கா வந்தார், எட்டிப் பார்த்தார், தன் வாளியைப் பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசை மீரான் கடை மேசைகள் வரை போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லாரும் பால் சேர்க்காத தே ஓ குடித்தபடி உள்ளே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பேட்டியைக் கேட்கவில்லை. ஏழாம் நம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் மட்டும் கேட்டது. முதலில் தயங்கியது. பிறகு மிஸஸ் லியோங் குளியலுக்குப் பயந்து ஓடும் கதை வந்தது. போனுக்குள்ளிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. குழாய் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்புவதற்கு முந்திய நாளும் வந்தாள். அன்றும் ஒற்றை யூனிபார்ம்தான். துவைத்து மடித்து, இல்லத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். காலையில் ஈப்போவிலிருந்து ரயிலில் கோலாலம்பூர், அங்கிருந்து ராத்திரி விமானம்.

"ஸ்டேஷனுக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. நீங்க கடை திறக்கணும்லா."

"ஆமா. திறக்கணும்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. "நாலாம் நம்பர் கதவுத் தாழ் கொஞ்சம் லூசா இருக்கு. மாத்தணும்," என்றேன்.

"மாத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பனி தரைவரை இறங்கியிருந்தது. ஷட்டர் பக்கத்தில் போன பிறகுதான் வாளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வரிசையில் முதலில் மஞ்சள் வாளி. கைப்பிடியில் பாத்தேக் துணி.

ஊரை விட்டுப் போகிறவர்கள் வேண்டாத சாமான்களை யாருக்காவது விட்டுவிட்டுப் போவது வழக்கம். வாளியையா விமானத்தில் கொண்டுபோக முடியும்? ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குள் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பார்க்க மனசு இல்லை என்பதுதான் சரி. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, கடைக்குள் கொண்டுபோய், வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்கள் வைக்கிற உயரத் தட்டில் வைத்தேன்.

ஷட்டர் சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். காளியம்மா அக்கா தன் வாளி முன்னால் நின்று சுற்றும்முற்றும் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"வாங்கக்கா. நீங்கதான் மொதல்ல."

"நான் எங்க மொதல்ல? எனக்கு முன்னால மஞ்ச வாளி இருந்துச்சே."

"அது குமுதாவோடது. வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"தம்பி, உள்ள சிலிப்பர் கெடந்துச்சு. ஒத்தச் சிலிப்பர். நான் குனிஞ்சு பாத்துட்டுத்தான் பின்னால வெச்சேன். அதப் போயி தூக்கிட்டியா?"

தட்டிலிருந்து வாளியை இறக்கினேன். அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நீலப் பட்டை, குதிகால் பக்கம் தேய்ந்தது. பெஞ்சுக்குக் கீழே நான் தினமும் பார்த்த செருப்பு. இடது கால்.

மோட்டர் சைக்கிள் சாவி ஒன்று வந்து வாளிக்குள் விழுந்தது. மீரான் அண்ணன்.

"ரயில் இன்னும் போகல. ஏழாம் நம்பர் எப்படி ஓடுது, எட்டாம் நம்பர் எப்படி ஓடுதுன்னு வழியில யாருக்கும் வெளக்கம் சொல்லிக்கிட்டு நிக்காத. போ."

லகாட்டிலிருந்து ஈப்போ வரை பனிக்குள்தான் போனேன். வாளி மோட்டர் கைப்பிடியில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே செருப்பு துள்ளி விழுந்தது. முன்னால் போகிற எதுவும் முழுதாகத் தெரியவில்லை, சிவப்பு விளக்குகள் மட்டும் மிதந்தன. ஒவ்வொன்றையும் எட்டிப் பிடிப்பதும் அடுத்ததைத் தேடுவதுமாகப் போய்க்கொண்டிருந்தேன். இதற்குப் பெயர் வித் என்று மனதுக்குள் ஒரு குரல் பாடம் நடத்திக்கொண்டே வந்தது. அந்தக் குரலை என்னால் நிறுத்த முடிந்ததில்லை.

ஸ்டேஷனின் வெள்ளைக் குவிமாடம் பனியில் பாதிதான் தெரிந்தது. உள்ளே, தடுப்புக் கதவுக்குப் பக்கத்தில், பெரிய பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். காலில் புதுச் சப்பாத்து. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அத ஏன் எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"உள்ள சிலிப்பர் இருந்துச்சு. பின்னால வாளி வெச்ச காளியம்மாக்கா சொல்லித்தான் பாத்தேன்."

"இருக்கும். நான்தானே போட்டேன். வாளிய எடுத்தா எடம் போச்சுலா!"

அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. குழாயடியில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தூக்கிவிட்டேன்.

"நம்ம ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் நான் அத வெச்சேன்," என்றாள். "உங்கள மட்டும் நம்பி வெச்சது தப்பு. பின்னால காளியம்மாக்கா இருந்ததால பொழச்சேன்."

"குமுதா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நீங்க போகக் கூடாதுன்னு நெனைச்சேன். இப்ப அப்படி இல்ல. போயிட்டு வரணும். எங்கிட்ட வரணும். அதத்தான் இத்தன நாளா..." வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ஆங்கிலம் அவள் தொண்டையில் நின்றது போல.

அவள் உதவி செய்யவில்லை. காத்திருந்தாள். நான் முடிக்க வேண்டியிருந்தது.

"இத்தன நாளா சொல்லத் தெரியாம மெஷினப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்," என்றாள். "ஒரே யூனிபார்ம தெனமும் துவைச்சு துவைச்சு அதுக்குச் சாயமே போச்சு. அப்பவும் நீங்க எடை சமமா இருக்கணும்னு வெளக்கம் சொல்றீங்க. மீரான் அண்ணனுக்குத் தெரியுது, டிரம்முக்குத் தெரியுது, அதான் அந்த ஆட்டம் ஆடுச்சு. உங்களுக்குத் தெரியல."

ரயிலுக்கு அழைத்தார்கள். அவள் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினாள். உள்ளே நீலப் பட்டை. வலது கால்.

"அங்க குளிருல இதப் போட முடியாது. சும்மா வெச்சிருப்பேன்."

"பேசாததெல்லாம் ரெண்டு வருஷத்துல நிறைய சேந்துடும்," என்றேன்.

"சேரட்டும். வந்து ரெண்டு பேருமா பொறுக்கிக்கலாம். அதுக்கு ஆன்தானே?"

"ஆன்தான்."

"இப்ப போங்க. அத எடுத்துக்கிட்டுப் போயி மொதல்ல எடத்துல வைங்க. நின்னு டாட்டா காட்டிக்கிட்டு இருக்காதீங்க. ஓடு."

கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஓடினேன். ரயில் கிளம்பும் சத்தத்தை வெளியே மோட்டரை எடுக்கும்போது கேட்டேன். அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பனி இப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தது. குன்றுகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கடை வாசலில் வரிசை அப்படியே நின்றது. எட்டு மெஷினும் காலி, ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. முதல் இடத்தில் காளியம்மா அக்காவின் சிவப்பு வாளி இருந்தது. பக்கத்தில் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எடம் போயிடக் கூடாதேன்னு என்னோடத முன்னால நகத்தி வெச்சிருக்கேன். சட்டப்படி தப்புதான். கேட்டவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கிறேன். சீக்கிரம் வைப்பா, நான் வேலைக்குப் போகணும்."

சிவப்பு வாளியைப் பின்னால் இழுத்தார். நான் மஞ்சள் வாளியை அங்கே இறக்கினேன். யாரோ ஒருவர், எல்லாரும் உள்ளே போலாம் என்றார். வரிசை நகர்ந்தது. வாளியை யாரும் தூக்கவில்லை. காளியம்மா அக்கா தன் காலால் அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்து, நாலாம் நம்பருக்குப் பக்கத்தில், பெஞ்சோரமாக நிறுத்தினார். பிறகு தன் துணிகளை நாலாம் நம்பரில் திணித்துக் கதவைச் சாத்தினார். தாழ் லூசாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவையில் விழுந்தது.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வட்டக் கண்ணாடியில் என் முகம் துணிகளோடு சுற்றியது. கடைசிச் சுற்று வந்தபோது மெஷின் வேகம் எடுத்தது, தரை மெல்ல அதிர்ந்தது. வாளிக்குள் அந்த ஒற்றைச் செருப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, விளிம்பைத் தொட்டு, திரும்பி, மறுபடி நகர்ந்தது.